நுயென் வான் தியூ: தென் வியட்நாமின் ராணுவ ஜனாதிபதி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியட்நாம் போர் என்றதும் ஹோ சி மின், ஜியாப், நிக்ஸன், கிஸிஞ்சர் என்று பெயர்கள் வரிசையாக வந்துவிடும். 1965 முதல் 1975 வரை சைகோனில் நாட்டுத் தலைவராக இருந்தவர் பெயரைக் கேட்டால்தான் தடுமாற்றம். அவரைப் பற்றி வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே. எளிய கேள்விகள் முதலில். சிக்கலானவை போகப் போக.

"தியூ யாரு? ஜெனரல் ஜியாப்பும் இவரும் ஒரே பக்கமா?"

இல்லை, எதிரெதிர்ப் பக்கம். வோ நுயென் ஜியாப் வடக்கின் கம்யூனிஸ்ட் தளபதி; சரித்திர ஆசிரியராக இருந்து படை நடத்த வந்தவர். நுயென் வான் தியூ தெற்கில் ராணுவக் கல்லூரியில் முறையாகப் பயின்ற அதிகாரி. 1965 ஜூனில் நாட்டுத் தலைவராகவும், 1967 அக்டோபர் 31 முதல் 1975 ஏப்ரல் 21 வரை தேர்தல் வழி ஜனாதிபதியாகவும் இருந்தார்.

பெயர் குழப்பம் வேறு. 'நுயென்' குடும்பப் பெயர். வியட்நாமில் பத்துப் பேரைக் கூப்பிட்டால் மூன்று நான்கு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். அழைக்கும் பெயர் கடைசியில் வரும். ஆகவே இவர் தியூ. இவருடைய போட்டியாளர் நுயென் காவ் கீ, கீ. இருவருக்கும் உறவு கிடையாது.

"எந்த ஊர்? பிறந்த தேதி ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு மாதிரி இருக்கே?"

தென் மத்தியக் கடற்கரையில் உள்ள பான் ராங். சாம் மக்களின் செங்கல் சிவாலயக் கோபுரங்கள் இன்றும் நிற்கும் வறண்ட பிரதேசம். பெரும்பாலான பதிவுகள் 1923 ஏப்ரல் 5 என்கின்றன. 1924 நவம்பரில் பிறந்தவர், ராசியான நாள் என்று இந்தத் தேதியை எடுத்துக்கொண்டார் என்றும் சொல்வதுண்டு. 1923 என்று எழுதினால் தவறில்லை.

"முதல்ல வியட் மின்னுல இருந்தாராமே, நிஜமா?"

நிஜம்தான். ஹோ சி மின் தலைமையில் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்த அந்தக் கம்யூனிஸ்ட் இயக்கத்தில் 1945-ல் சேர்ந்து ஏறக்குறைய ஓராண்டில் விலகினார். அக்காலத்தில் பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்த இளைஞர்கள் போக வேறு இடம் அதிகம் இல்லை. தெற்கின் அதிகாரிகள் பலருக்கு இப்படி ஒரு முன்கதை உண்டு.

பிறகு சைகோனில் வணிகக் கப்பல் பயிற்சிப் பள்ளி. தேறியபின் கிடைத்த கப்பல் வேலையில் பிரெஞ்சு சகாக்களைவிடச் சம்பளம் குறைவு என்று தெரிந்ததும் வேண்டாம் என்றுவிட்டார். 1948-ல் ஹுவே நகரில் தொடங்கிய ராணுவ அகாதெமியின் முதல் அணியில் சேர்ந்து 1949-ல் வெளிவந்தார். அடுத்து பிரான்சின் கொயட்கிடான் காலாட்படைப் பள்ளி. பின்னால், 1957-ல் அமெரிக்காவின் ஃபோர்ட் லெவன்வர்த். டாலாட் ராணுவ அகாதெமிக்கும் தலைமை தாங்கினார். அங்கே பயின்ற இளம் அதிகாரிகளின் அறிமுகம் பின்னாளில் அவருக்கு வாக்கு வங்கியைவிடப் பெரிய சொத்து.

"பதவிக்காக மதம் மாறினார்னு சொல்றாங்களே?"

1951-ல் மணந்த நுயென் தி மாய் ஆன், மீத்தோ நகரைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். திருமணமாகி ஏழு ஆண்டுகள் கழித்து, 1958-ல்தான் தியூ ஞானஸ்நானம் பெற்றார். அப்போதைய ஜனாதிபதி நோ டின் டியெம் கத்தோலிக்கர். பதவி உயர்வுகளில் மதம் பார்க்கப்படுகிறது என்ற பேச்சு பலமாக இருந்த நேரம். மனைவிக்காகவா, மேலே போவதற்காகவா என்பதை வெளியிலிருந்து பிரிக்க முடியாது. இரண்டும் ஒரே திசையில் இழுத்தன என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

"டியெம்மைக் கொன்றது தியூவா?"

கொல்லவில்லை, கவிழ்ப்பதில் முக்கியப் பங்கு உண்டு. 1963 நவம்பர் 1 அன்று கலகம் வெடித்தபோது பியென் ஹோவாவில் இருந்த 5-வது டிவிஷன் அவர் கையில். சைகோனுக்கு மிக அருகில் இருந்த பெரிய காலாட்படை அது. ஜனாதிபதியின் கியா லாங் மாளிகையை முற்றுகையிட்டது இந்தப் படைதான். மாளிகை விழுவதற்கு முன்பே டியெம்மும் தம்பி நூவும் சைகோனின் சீனர் பகுதியான சோலோனுக்குத் தப்பிவிட்டார்கள். மறுநாள் காலை தேவாலயத்தில் சரணடைந்தவர்களைக் கவச வண்டிக்குள் வைத்துக் கொன்றார்கள். கலகத்தின் தலைவர் துவோங் வான் மின்னின் மெய்க்காப்பாளர் இதில் ஈடுபட்டவர். மின் உத்தரவிட்டார் என்பதே பரவலான முடிவு.

முற்றுகையைத் தியூ தாமதப்படுத்தியதால்தான் அப்படி ஆயிற்று என்று மின் பிற்பாடு சொன்னார், தியூ மறுத்தார். இந்த மின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வருவார்.

கவனிக்க வேண்டியது இன்னொன்று: 1960 நவம்பரில் பாராசூட் படையினர் டியெம்மை எதிர்த்துக் கலகம் செய்தபோது, அவரைக் காப்பாற்றப் படை அனுப்பியவர்களில் தியூவும் ஒருவர். எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று தெரியும்வரை காத்திருப்பது அவர் சுபாவம் என்று சக ஜெனரல்கள் சொன்னது சும்மா இல்லை.

"அப்புறம் எப்படி மேலே வந்தார்? அந்த ரெண்டு வருஷக் குழப்பம் புரியவே மாட்டேங்குது."

1963 நவம்பர் முதல் 1965 ஜூன் வரை சைகோனில் ஆட்சி மாறிக்கொண்டே இருந்தது. 1964 ஜனவரி 30-ல் நுயென் கான் மின்னைக் கவிழ்த்தார். 1965 பிப்ரவரியில் கானையே மற்ற ஜெனரல்கள் நாடு கடத்தினார்கள். இடையில் ஒப்புக்கு சிவிலியன் பிரதமர்கள். தியூ இந்தக் கலகங்கள் எதற்கும் முன்னே நிற்கவில்லை. ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஒரு படி ஏறியிருந்தார். மேக்கோங் டெல்டாவின் 4-வது கோர் (நாட்டை நான்காகப் பிரித்த ராணுவ மண்டலங்களில் ஒன்று) தளபதி, பிறகு துணைப் பிரதமர், பாதுகாப்பு அமைச்சர்.

1965 ஜூனில் ஜெனரல்கள் நேரடியாக ஆட்சியை எடுத்தபோது விமானப்படைத் தளபதி கீ பிரதமரானார். தியூவுக்கு நாட்டுத் தலைவர் என்ற அலங்காரப் பதவி. அதிகாரம் கீயிடம், ஆனால் 1966-ல் டா நாங், ஹுவே பௌத்தப் போராட்டங்களை ஒடுக்கிய கெட்ட பெயரும் கீக்குத்தான் போனது. தியூ வாய் திறக்கவில்லை.

"1967 தேர்தல் நியாயமானதா?"

பாதி. செப்டம்பர் 3 அன்று 11 அணிகள் போட்டியிட்டன. தியூ–கீ அணி பெற்றது 34.8 சதவீதம். முழுக்கப் புனைந்த தேர்தலில் இவ்வளவு குறைவாக எழுதமாட்டார்கள். ஆனால் போட்டியாளர் பட்டியலே வடிகட்டப்பட்டது: மக்களிடம் பெயர் பெற்ற மின் பாங்காக்கில் இருந்தார், போட்டியிட விடவில்லை. சமாதானம் பேசலாம் என்று வெள்ளைப் புறாச் சின்னத்தில் நின்ற வழக்கறிஞர் துருவோங் டின் சூ 17 சதவீதத்தோடு இரண்டாவதாக வந்து எல்லாரையும் அதிரவைத்தார். அவரைப் பின்னர் சிறையில் போட்டார்கள்.

உண்மையான தேர்தல் அதற்கு முன்பே, ஜூன் கடைசியில், ஜெனரல்களின் மூடிய அறைக்குள் நடந்துவிட்டது. தியூவும் கீயும் தனித்தனியே நின்றால் ராணுவம் பிளக்கும் என்ற பயத்தில் நாள்கணக்காகப் பேசி, கீயைத் துணை ஜனாதிபதியாக இறங்கிவர வைத்தார்கள். திரைமறைவில் அதிகாரம் தன்னிடமே இருக்கும் என்று நம்பித்தான் கீ ஒப்புக்கொண்டார்.

"அப்போ கீ எப்படி ஓரங்கட்டப்பட்டார்?"

மெதுவாக, நியமனங்கள் வழியாக. 44 மாகாணங்களின் தலைவர்களும் ராணுவ அதிகாரிகள். அவர்களை நியமிப்பது ஜனாதிபதி. கோர் தளபதிகள், போலீஸ் தலைமை, சைகோன் மேயர் எல்லாம் அப்படியே. 1968 ஜனவரி 30-31-ல், டெட் என்னும் புத்தாண்டு விழாவில் கம்யூனிஸ்டுகள் நாடெங்கும் நடத்திய தாக்குதலின்போது தியூ மனைவியின் ஊரான மீத்தோவில் இருந்தார். தலைநகரில் இருந்த கீதான் முதல் நாள்களைச் சமாளித்தார். கீயின் கை ஓங்கும் என்று பார்த்தால் நேர் எதிராக நடந்தது. அதே ஆண்டு ஜூன் 2 அன்று சோலோனில் அமெரிக்க ஹெலிகாப்டர் ஒன்றின் ராக்கெட் தவறி விழுந்து கீயின் நெருங்கிய ஆதரவாளர்கள் பலர் இறந்தார்கள். காலியான இடங்களில் தியூ தன் ஆட்களை அமர்த்தினார். 1969-ல் பழைய கூட்டாளி திரான் தியென் கியெம் பிரதமர்.

தியூவின் முழு ஆட்சியையும் புரிந்துகொள்ள இதுதான் சாவி. கலகத்தில் வந்தவர், கலகத்துக்குப் பயந்தே ஆண்டார். தளபதியைத் தேர்ந்தெடுக்கும்போது 'நன்றாகச் சண்டை போடுவாரா' என்பதற்கு முன் 'என்னைக் கவிழ்ப்பாரா' என்று பார்த்தார். 1967-க்குப் பிறகு சைகோனில் ஒரு கலகம்கூட வெற்றி பெறவில்லை. அதற்கான விலை 1975-ல் தெரிந்தது.

"அமெரிக்காவோட கைப்பாவைதானே அவர்?"

கைப்பாவை இத்தனை முறை முரண்டு பிடிக்காது. 1968 அக்டோபர் 31-ல் அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் வடக்கின் மீதான குண்டுவீச்சு நிறுத்தத்தை அறிவித்து, பாரிஸ் சமாதானப் பேச்சுக்கு சைகோனும் வரும் என்று எதிர்பார்த்தார். நவம்பர் 2-ல் தியூ தன் நாடாளுமன்றத்தில் எழுந்து வரமாட்டோம் என்றார். மூன்றே நாளில் அமெரிக்கத் தேர்தல். நிக்ஸன் மிகக் குறைந்த வித்தியாசத்தில் வென்றார். காத்திருந்தால் நல்ல நிபந்தனை கிடைக்கும் என்று நிக்ஸன் தரப்பிலிருந்து அன்னா செனால்ட், சைகோனின் தூதர் புய் தியெம் வழியாகச் செய்தி போனது அமெரிக்க உளவு ஒட்டுக்கேட்பில் அப்போதே பதிவானது. அந்தச் செய்தி இல்லாவிட்டாலும் தியூ மறுத்திருப்பார் என்றே தோன்றுகிறது. தெற்கில் போரிட்ட கம்யூனிஸ்ட் அமைப்பான தேசிய விடுதலை முன்னணிக்குச் சமமாக மேஜையில் உட்காருவது அவருக்கு அடியோடு பிடிக்காதது.

'நான்கு வேண்டாம்' என்ற அவருடைய கொள்கை ஊருக்கெல்லாம் தெரியும்: கம்யூனிஸ்டுகளோடு கூட்டணி ஆட்சி வேண்டாம், நிலம் விட்டுக்கொடுக்க வேண்டாம், நடுநிலை வேண்டாம், கம்யூனிஸ்ட் செயல்பாட்டுக்கு இடம் வேண்டாம். அமெரிக்கா சொன்னதற்கெல்லாம் தலையாட்டவில்லை. ஆனால் எரிபொருள், தோட்டா, உதிரிபாகம், சம்பளப் பணம் எல்லாம் அங்கிருந்து வந்தது. மறுக்கும் தைரியம் இருந்தது, மறுத்துவிட்டுத் தனியாக நிற்கும் வசதி இல்லை.

"நல்லது எதுவுமே செய்யலையா?"

செய்தார். 1970 மார்ச் 26-ன் 'உழுபவருக்கே நிலம்' சட்டம் அவருடைய பெரிய சாதனை. குத்தகை விவசாயிக்கு டெல்டாவில் 3 ஹெக்டேர் வரையும் மத்தியப் பகுதியில் 1 ஹெக்டேர் வரையும் இலவசமாக நிலம். தானே பயிர் செய்யும் உரிமையாளர் 15 ஹெக்டேர் வைத்துக்கொள்ளலாம். நிலம் இழந்தவருக்கு ஆண்டு விளைச்சலின் இரண்டரை மடங்கு ஈடு: 20 சதவீதம் ரொக்கம், மீதி எட்டு ஆண்டுப் பத்திரங்கள். டியெம்மின் பழைய சட்டம் 100 ஹெக்டேர் வரை வைத்துக்கொள்ள அனுமதித்து, விவசாயியிடம் காசும் வாங்கியது. வேறுபாடு அங்கேதான்.

சில ஆண்டுகளில் ஏறக்குறைய 10 லட்சம் ஹெக்டேருக்குப் பட்டா கொடுத்து முடித்தார்கள். நம் தஞ்சை விவசாயிகளும் அறிந்த ஐ.ஆர்.8 நெல் அதே காலத்தில் டெல்டாவில் பரவியது. அறுவடைக் காசில் மோட்டார் சைக்கிள் வாங்க முடிந்ததால் அதற்கு 'ஹோண்டா நெல்' என்று பெயரே விழுந்தது. டெல்டாவில் கொரில்லாக்களின் பிடி தளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். சிக்கல் என்னவென்றால், 1972-க்குப் பிறகு போரை நடத்தியது கொரில்லாக்கள் அல்ல. டாங்கிகளோடும் பீரங்கிகளோடும் வந்த வடக்கின் முறையான படை. நிலப் பட்டா அதைத் தடுக்காது.

"1971 தேர்தல்ல 94 சதவீதம் வாங்கினாராமே?"

எதிரே யாரும் இல்லாமல் வாங்கினார். வேட்பாளருக்கு 40 நாடாளுமன்ற உறுப்பினர்கள் அல்லது 100 மாகாண, நகர கவுன்சிலர்கள் முன்மொழிய வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். மாகாணத் தலைவர்களை நியமித்தது தியூ என்று மேலே கீ பற்றிய பதிலில் பார்த்தோம்; கவுன்சிலர்கள் யார் பேச்சைக் கேட்பார்கள் என்பது அதிலேயே தெரியும். மின் ஆகஸ்டில் விலகினார். நீதிமன்றம் தகுதி தந்த பிறகும் கீ நிற்கவில்லை. அக்டோபர் 3-ல் தியூ மட்டும்.

அடுத்த ஆண்டு பிடி இன்னும் இறுகியது. நாளிதழ் நடத்த 2 கோடி பியாஸ்டர் வைப்புத்தொகை என்ற உத்தரவில் பல பத்திரிகைகள் மூடின; குக்கிராமத் தேர்தல்கள் ரத்தாயின. 1974 ஜனவரியில் அரசியல் சட்டத்தைத் திருத்தி மூன்றாவது முறை நிற்கவும் வழி செய்துகொண்டார்.

"பாரிஸ் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட ஏன் மறுத்தார்? பிறகு ஏன் போட்டார்?"

1972 அக்டோபரில் நிக்ஸனின் ஆலோசகர் கிஸிஞ்சர் சைகோன் வந்து காட்டிய சமாதான ஒப்பந்த வரைவில் இரண்டு இடங்கள் அவருக்கு விஷம். தெற்கில் ஏற்கெனவே இருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வடக்குப் படையினர் திரும்பிப் போக வேண்டும் என்று அதில் இல்லை. சைகோன், கம்யூனிஸ்டுகள், நடுநிலையாளர்கள் என்று மூன்று தரப்பும் சேர்ந்த ஒரு தேசிய சமரசக் கவுன்சில் இருந்தது. அவர் கண்ணுக்கு அது கூட்டணி ஆட்சியின் முதல் படி. 69 திருத்தங்கள் கேட்டார். முக்கியமானவை கிடைக்கவில்லை.

நிக்ஸன் ஒரு கையில் மிரட்டலும் மறு கையில் வாக்குறுதியும் வைத்திருந்தார். நீங்கள் வராவிட்டால் தனியாகக் கையெழுத்திடுவேன், உதவி நின்றுபோகும் என்றது மிரட்டல். வடக்கு மீறினால் முழு பலத்தோடு பதிலடி தருவோம் என்று 1972 நவம்பர், 1973 ஜனவரிக் கடிதங்களில் எழுதியது வாக்குறுதி. 1973 ஜனவரி 27-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

கடிதங்கள் ரகசியம்; அமெரிக்க காங்கிரஸுக்குத் தெரியாது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15-க்குப் பிறகு இந்தோசீனாவில் அமெரிக்க ராணுவ நடவடிக்கையை காங்கிரஸ் சட்டம் போட்டுத் தடுத்தது. 1974 ஆகஸ்டில் நிக்ஸனே போய்விட்டார். சுமார் 230 கோடி டாலராக இருந்த ராணுவ உதவி இரண்டே ஆண்டில் 70 கோடிக்கு இறங்கியது. எண்ணெய் விலை ஏறியதில் அந்த 70 கோடிக்கும் மதிப்பு குறைவு. ஒரு ஜனாதிபதியின் கையெழுத்தை ஒரு நாட்டின் உறுதிமொழியாகத் தியூ எடுத்துக்கொண்டார். அமெரிக்க அரசியலை அவர் புரிந்துகொண்ட விதத்தில் பெரிய ஓட்டை இதுதான்.

"ஊழல் குற்றச்சாட்டெல்லாம்?"

1974 செப்டம்பரில் ஹுவே நகரில் பாதிரியார் திரான் ஹூ தான் தலைமையிலான இயக்கம் 'குற்றப் பத்திரிகை எண் 1' வெளியிட்டது. வீடு, நிலம், உர வியாபாரம் என்று ஜனாதிபதி குடும்பத்தையே பெயர் சொல்லிக் குறிவைத்தது. போராடியவர்கள் கம்யூனிஸ்டுகள் அல்லர், தியூவின் தூண்களாக இருந்த கத்தோலிக்கர்கள். அதனால்தான் அடி பலமாக விழுந்தது. நீதிமன்றத்தில் எதுவும் விசாரிக்கப்படவில்லை. பதவிகள் விலைக்குப் போனதும் பட்டியலில் மட்டும் இருந்த 'பேய்ச் சிப்பாய்'களின் சம்பளத்தை அதிகாரிகள் எடுத்ததும் சைகோனில் ஊரறிந்தவை.

சூட்டைத் தணிக்க அமைச்சர்கள் சிலரையும் நான்கு கோர் தளபதிகளில் மூவரையும் மாற்றினார். அப்படி மலைநாட்டின் 2-வது கோருக்கு வந்தவர் பாம் வான் பூ. அடுத்த கேள்வியில் அவர் வருகிறார்.

"1975 மார்ச்சில் என்னதான் நடந்தது? ரெண்டு மாசத்துல ஒரு நாடே எப்படி விழும்?"

ஜனவரி 6-ல் புவொக் லாங் மாகாணம் விழுந்தது. அமெரிக்க விமானம் ஒன்றும் வரவில்லை. மார்ச் 10-ல் மலைநாட்டு நகரமான பான் மே துவோத் தாக்கப்பட்டு உடனே கைவிட்டுப் போனது. மார்ச் 14-ல் காம் ரான் விரிகுடாவில் பூவையும் முப்படைத் தலைமை ஜெனரல் காவ் வான் வியெனையும் வைத்துக்கொண்டு தியூ முடிவெடுத்தார்: பிளேக்கூ, கோன்தும் என்ற மலைநாட்டு நகரங்கள் இரண்டையும் விட்டு இறங்கி, பான் மே துவோத்தை மீட்க வேண்டும்.

படையைச் சுருக்கும் எண்ணம் தவறல்ல. நடத்திய விதம்தான் தவறு. முக்கியச் சாலைகள் அடைபட்டிருந்ததால் பல ஆண்டுகள் பயன்படாத 7பி சாலையைத் தேர்ந்தார்கள். பாலங்கள் இல்லை, பா ஆற்றில் மிதவைப் பாலம் கட்ட வேண்டியிருந்தது. உள்ளூர்க் காவல் படைக்கும் மக்களுக்கும் சொல்லக்கூடாது என்று உத்தரவு. பின்காவலுக்கு ஒழுங்கான ஏற்பாடு இல்லை. மார்ச் 16-ல் நகரம் காலியாவதைக் கண்டதும் மக்களும் சிப்பாய்களின் குடும்பங்களும் சாலையில் இறங்கினார்கள். செயோ ரேயோவில் வரிசை அடைத்து நின்றபோது வடக்கின் 320-வது டிவிஷன் வந்து பிடித்தது. கிளம்பிய ஏறத்தாழ 60,000 படையினரில் துய் ஹோவா கடற்கரையை அடைந்தவர்கள் 20,000 பேர் அளவுதான்.

வடக்கே 1-வது கோரில் நடந்தது வேறு விதக் குளறுபடி. இருந்த படைகளில் சிறந்ததான பாராசூட் டிவிஷனைச் சைகோனுக்குத் திருப்பி அழைத்தார். ஹுவேயை விடலாம் என்றார், காப்போம் என்று மார்ச் 20-ல் வானொலியில் அறிவித்தார், பிறகு மறுபடி விடச் சொன்னார். ஹுவே 25-26 தேதிகளில் போனது. டா நாங் 29-ல். தலைநகருக்குப் பக்கத்தில் நம்பகமான படை வேண்டும், திட்டம் வெளியே கசியக்கூடாது, தலைமைத் தளபதியைத் தாண்டி நேரடியாக உத்தரவு போக வேண்டும்: மூன்றுமே கலகத்தைத் தடுக்கப் பழகிய பழக்கங்கள். பின்வாங்குதலுக்கு வேண்டியது இவற்றுக்கு நேர் எதிரானது.

"பதவி விலகினதும் போர் நின்றிருக்கலாமே?"

அவர் போனால் பேசலாம் என்று எதிர்த்தரப்பு சொல்லிவந்தது உண்மை. ஏப்ரல் 21-ல் நீண்ட தொலைக்காட்சி உரையில், வாக்கு மீறிய அமெரிக்காவைச் சாடிவிட்டு விலகினார். சைகோனுக்குப் போகும் வழியைக் காத்த சுவான் லொக் நகரம் அன்றே விழுந்தது. துணை ஜனாதிபதி திரான் வான் ஹுவோங் ஒரு வாரம் தாங்கினார். 28-ம் தேதி பதவியேற்றவர் அதே துவோங் வான் மின். ஜெயிக்கும் நிலையில் இருந்தவர்களுக்கு இனி பேச என்ன இருக்கிறது? 30-ம் தேதி காலை சரணடைவு.

"16 டன் தங்கத்தோட ஓடிப்போனார்னு படிச்சேனே?"

பொய். தங்கம் சைகோன் தேசிய வங்கிப் பெட்டகத்திலேயே இருந்தது. புதிய அரசு எடுத்துக்கொண்டது. ஏப்ரலில் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முயற்சி நடந்து நின்றுபோனதால் கதை கிளம்பியது. 25-ம் தேதி இரவு சி.ஐ.ஏ. ஏற்பாட்டில் விமான நிலையம் போனபோது பெட்டிகளில் உலோகச் சத்தம் கேட்டதாகக் கூட இருந்த அதிகாரி ஒருவர் எழுதியது அதற்கு எண்ணெய் ஊற்றியது. ஒரு சி-118 விமானத்தில் ஆட்களோடு, சில பெட்டிகளில் 16 டன் போகாது. சொந்தச் சொத்து கொண்டுபோனாரா என்பது தனிக் கேள்வி. அதற்கு ஆதாரத்தோடு கணக்கு யாரும் காட்டியதில்லை.

"அதுக்கப்புறம்? புத்தகம் ஏதாவது எழுதினாரா?"

முதலில் தைவான், அண்ணன் நுயென் வான் கியூ அங்கே தூதர். பிறகு லண்டன் பக்கம் பல ஆண்டுகள், கடைசியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஃபாக்ஸ்பரோ. 2001 செப்டம்பர் 29-ல் பாஸ்டன் மருத்துவமனையில் காலமானார்.

சுயசரிதை வெளியிடவில்லை. அதனால் அவரைப் பற்றிப் படிப்பதெல்லாம் பிறர் சொன்னவை: கீ, கிஸிஞ்சர், அமெரிக்கத் தூதரக ஆட்கள், ஹனோய் வரலாற்றாசிரியர்கள். ஒவ்வொருவருக்கும் தியூ மேல் பழி போட ஒரு காரணம் உண்டு. படிக்கும்போது தேதியை முதலில் சரிபாருங்கள்: எழுதியவர் அன்று எந்தப் பதவியில் இருந்தார், அந்த அறையில் இருந்தாரா. காம் ரான் கூட்டத்தைப் பற்றி எழுதிய பலர் அங்கே இல்லாதவர்கள்.